கூண்டுக்குள் ஒரு நாயின் குணத்தை அறியலாமா?

சந்தைக்கு மாடு வாங்கப் போகிறவர் அதன் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலு அடி நடக்க விட்டும் பார்ப்பார். இருந்தும் அந்த மாடு ஏருக்குப் பணியுமா, இடையில் படுத்துவிடுமா என்பது வயலில் பூட்டிய பின்னரே தெரியவரும். சந்தையில் கண்ட குணமும் வயலில் காணும் குணமும் எப்போதும் ஒன்றாய் இருப்பதில்லை. அனுபவமுள்ள கமக்காரர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

இதே கேள்வி நாய்க் காப்பகங்களில் இன்னும் கடுமையாக எழுகிறது. அங்கே கேள்வி விலையைப் பற்றியதல்ல. ஒரு நாயின் உயிரையும், சில வேளைகளில் ஒரு பிள்ளையின் பாதுகாப்பையும் பற்றியது. கூண்டுக்குள் நிற்கும் ஒரு நாயை அரை மணி நேரம் பரிசோதித்து, "இது கடிக்கும்", "இது கடிக்காது" என்று சொல்ல முடியுமா? கடந்த முப்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வி பற்றி நிறைய ஆராய்ந்துள்ளார்கள். அதன் முடிவுகள், நாய் வளர்க்கும் எவருக்கும் பயன்படக் கூடியவை.

காப்பகமும் அதன் சங்கடமும்

மேற்கு நாடுகளில் தெருவில் பிடிபடும் நாய்களும், வளர்த்தவர்களால் கைவிடப்படும் நாய்களும் காப்பகங்களில் சேர்க்கப்படுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 30 இலட்சம் நாய்கள் இவ்வாறு வந்து சேர்வதாக மதிப்பிடப்படுகிறது. வளர்த்தவர் இறந்து போயிருக்கலாம், வீடு மாறியிருக்கலாம், தீனி போட வசதியற்றுப் போயிருக்கலாம். காப்பகத்தில் இடமோ குறைவு. எனவே ஒவ்வொரு நாய் பற்றியும் அங்குள்ளவர்கள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். இதை ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கலாமா, கொஞ்சக் காலம் பழக்கிய பின் கொடுக்கலாமா, அல்லது ஊசி போட்டுக் கொன்றுவிடுவதா?

இந்த முடிவில் இரண்டு விதமாகப் பிழை நேரலாம். ஆபத்தான நாயை நல்லதென்று எண்ணி, சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். அல்லது, பயந்து போன நல்ல நாயை ஆபத்தானதென்று எண்ணிக் கொன்றுவிடலாம். முதலாவது பிழை வெளியே தெரியும், ஊரே பேசும். இரண்டாவது பிழை எவருக்கும் தெரியவராது. இறந்த நாய் தான் நல்ல நாய் என்று நிரூபிக்கத் திரும்பி வரப்போவதில்லை.

பரிசோதனை நடைபெறும் விதம்

ஊழியர்களின் சொந்த அபிப்பிராயத்தை மட்டும் நம்பாமல், எல்லா நாய்களையும் ஒரே முறையில் சோதிக்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல வளர்ந்தது. நெதர்லாந்தில் காப்பக நாய்களைச் சோதித்து, பின்னர் வீடுகளில் அவை நடந்துகொண்ட விதத்தோடு ஒப்பிட்ட ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. அதன் பின் அமெரிக்காவில் சூ ஸ்ரேர்ன்பேர்க் என்ற பயிற்சியாளரும், விலங்குகள் மீதான கொடுமையைத் தடுப்பதற்கான அமெரிக்கச் சங்கத்தைச் சேர்ந்த எமிலி வைஸ் என்பவரும் வகுத்த முறைகள் பல காப்பகங்களில் பரவின. பொதுவாக அவற்றில் பின்வரும் படிகள் இருக்கும்.

1. அறிமுகமற்ற ஒருவர் கூண்டின் முன் வந்து நிற்பார். நாய் அருகே வருகிறதா, பின்வாங்குகிறதா, குரைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

2. நாயை ஒரு அமைதியான அறைக்குக் கொண்டுபோய், அதன் உடம்பைத் தடவி, காதையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார்கள்.

3. விளையாட்டுப் பொருளைக் கொடுத்து, பின்னர் அதைத் திருப்பி எடுப்பார்கள்.

4. நாய் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது, நீண்ட தடியில் பொருத்திய றப்பர் கையால் அதன் தீனிப் பாத்திரத்தை இழுப்பார்கள். உறுமினாலோ அந்தக் கையைக் கடித்தாலோ குறித்துக்கொள்வார்கள்.

5. பிள்ளையைப் போன்ற ஒரு பெரிய பொம்மையைக் காட்டுவார்கள். வேறொரு நாயையும் கொண்டுவந்து காட்டுவார்கள்.

இவை எல்லாம் பார்வைக்கு நியாயமாகவே தோன்றுகின்றன. நல்ல நோக்கத்தோடுதான் இவை ஆக்கப்பட்டன. கேள்வி ஒன்றுதான்: இந்தச் சோதனையில் தெரிவது, நாளை ஒரு வீட்டில் நடக்கப்போவதை முன்கூட்டிச் சொல்கிறதா?

பயந்த நாய் தன் குணத்தைக் காட்டாது

முதலில் காப்பகத்து நாயின் நிலையைக் கவனிப்போம். அதற்கு அந்த இடம் புதிது, மணம் புதிது, நாலு புறமும் வேறு நாய்களின் குரைப்பு. பழகிய குரல் ஒன்றுகூட இல்லை. அமெரிக்காவின் ஒகாயோ மாநிலக் காப்பகமொன்றில் ஹெனசி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் நாய்களின் இரத்தத்தைச் சோதித்து 1997இல் முடிவை வெளியிட்டார்கள். உடம்பு நெருக்கடிக்குள்ளாகும்போது இரத்தத்தில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் கூடும். காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாட்களில், வீட்டு நாய்களின் அளவைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு கோர்ட்டிசோல் அந்த நாய்களில் இருந்தது. நாட்கள் செல்லச் செல்ல அது குறைந்தது.

வீட்டையும் வளவையும் விட்டு, முன்பின் அறியாத இடத்தில் தங்க நேர்ந்தவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. முதல் சில நாட்கள் நித்திரை வராது. சிறு சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிடும். பொறுமையானவரும் எரிந்து விழுவார். அந்த நாட்களில் யாராவது வந்து நம்மைப் பார்த்து, "இவருடைய குணம் இதுதான்" என்று எழுதி வைத்தால் அது நியாயமாகுமா? மனிதரையும் நாயையும் ஒன்றாக வைப்பதற்காக இதைக் கூறவில்லை. பயத்தில் இருக்கும் எந்த உயிரும் தன் முழுக் குணத்தையும் காட்டுவதில்லை என்பதை விளங்கிக்கொள்வதற்காகவே கூறுகிறோம்.

பயம் இரண்டு வழிகளில் ஏமாற்றும். சில நாய்கள் பயத்தால் சீறும். அவை வீட்டுக்குப் போய் அமைதியடைந்ததும் சாதுவாகிவிடும். வேறு சில நாய்கள் பயத்தால் ஒடுங்கி, எதற்கும் அசையாமல் கிடக்கும். அவற்றைப் பார்ப்பவர் "மிக நல்ல நாய்" என்று நினைப்பார். பயம் தெளிந்து, வீட்டைத் தன் வீடென்று உணர்ந்த பின்னரே அவை உறுமவும் கடிக்கவும் தொடங்கலாம்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

இதைச் சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பரிசோதிக்கப்பட்ட நாய்களை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, சில காலத்தின் பின் அந்த வீட்டாரிடம் விசாரிப்பதே அது.

கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குபற்றிய ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. அதில் குணப் பரிசோதனையில் சித்தியடைந்த நாய்கள் மட்டுமே சேர்க்கப்பட்டன. வீடுகளுக்குப் போன பின், அவற்றில் ஏறக்குறைய 41 சதவீதமானவை பாய்தல், உறுமுதல், கடிக்க எத்தனித்தல், கடித்தல் ஆகியவற்றில் ஏதோ ஒன்றைச் செய்திருந்தன. அதாவது, சித்தி என்ற முத்திரை முழு உத்தரவாதம் ஆகாது.

தீனிப் பாத்திரச் சோதனையைப் பற்றி ஏமி மார்டர் என்ற மிருக வைத்தியரும் அவரது குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 97 நாய்களில் 20 நாய்கள் காப்பகத்தில் தீனிக்காகச் சீறின. வீடுகளுக்குப் போன பின் அந்த இருபதில் 11 நாய்களே அவ்வாறு நடந்துகொண்டன. காப்பகத்தில் சீறாத 77 நாய்களில் 17 நாய்கள் வீட்டில் சீறின. அப்படிச் சீறிய நாய்களை வளர்த்தவர்களில் பெரும்பாலானோர் அதை ஒரு பெரிய தொல்லையாகக் கருதவும் இல்லை.

அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த வேறோர் ஆய்வு இன்னும் நம்பிக்கை தருவது. தீனிக்காகச் சீறிய 96 நாய்களுக்குக் காப்பகத்தில் எந்நேரமும் போதிய தீனி வைக்கப்பட்டது. வீட்டில் எவ்வாறு தீனி கொடுக்க வேண்டும் என்று வளர்ப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டது. முதல் மூன்று வாரங்களில் 6 வீடுகளில் மட்டுமே நாய் எதையாவது காத்துச் சீறியதாகத் தகவல் கிடைத்தது. அவற்றில் தீனிப் பாத்திரத்துக்காகச் சீறியது ஒரே ஒரு நாய்தான். 2018இல் வெளியான ஆய்வொன்றில் ஒன்பது காப்பகங்கள் இந்தத் தீனிச் சோதனையைக் கைவிட்டுப் பார்த்தன. அதனால் கடியோ காயமோ குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை.

பசியறிந்தவன் சட்டியை அணைத்துப் பிடிப்பான். நாளையும் சோறு உண்டு என்று தெரிந்ததும் பிடி தளர்ந்துவிடும். நாய்க்கும் அப்படியே.

ஒரு சிறு கணக்கு

மிருக வைத்தியரான கரி பற்றனெக், ஜனிஸ் பிரட்லி ஆகிய இருவரும் 2016இல் எழுதிய கட்டுரையொன்றில், இத்தகைய பரிசோதனை காசைச் சுண்டிப் பார்ப்பதிலும் மேலானதல்ல என்று வாதிட்டார்கள். அது மிகைப்படுத்திய பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அதன் பின்னால் ஒரு கணக்கு உண்டு. அதை நாமே போட்டுப் பார்ப்போம்.

100 நாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 10 நாய்கள் உண்மையில் ஆபத்தானவை, 90 நல்லவை. நமது பரிசோதனை நூற்றுக்கு எண்பது சரி என்று வைப்போம். நல்ல பரிசோதனைதானே! அது ஆபத்தான பத்தில் எட்டைப் பிடிக்கும்; இரண்டைத் தவறவிடும். நல்ல தொண்ணூறில் 72ஐ நல்லவை என்று சொல்லும். 18ஐப் பிழையாக ஆபத்தானவை என்று சொல்லும். ஆகவே "ஆபத்து" என்று ஒதுக்கப்பட்ட 26 நாய்களில் 18 நல்ல நாய்கள்! ஆபத்தான நாய்கள் இன்னும் குறைவாக, நூற்றுக்கு ஐந்து மட்டுமே இருந்தால், ஒதுக்கப்படும் 23இல் 19 நல்லவையாக இருக்கும்.

அரிதாக உள்ள ஒன்றைத் தேடும்போது எந்தச் சல்லடையிலும் இப்படித்தான் நடக்கும். பதரைப் புடைக்கும்போது நெல்லும் சேர்ந்து போவது போன்றது இது. நெல் போனால் கோழிக்கு ஆகும். இங்கே போவதோ உயிர்.

சண்டைக்கு வளர்த்த நாய்கள்

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜினியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்க உதைபந்தாட்ட வீரருக்குச் சொந்தமான காணியில் நாய்ச் சண்டை நடத்தப்பட்டது கண்டுபிடிக்கப்பட்டது. பல பிற்புல் நாய்கள் மீட்கப்பட்டன. சண்டைக்கு வளர்த்த நாய்கள் திருந்தா என்ற எண்ணத்தில், அக்காலம்வரை அவ்வாறான நாய்களைப் பரிசோதனை எதுவுமின்றிக் கொன்றுவிடுவதே வழக்கமாக இருந்தது.

இம்முறை 49 நாய்களும் ஒவ்வொன்றாகப் பார்க்கப்பட்டன. சீறும் குணத்தின் காரணமாகக் கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். இன்னொன்று நோயின் காரணமாகக் கொல்லப்பட்டது. மற்ற 47 நாய்களும் பிழைத்தன. அவற்றின் எதிர்காலத்தைக் கவனிக்க ரெபேக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியரை நீதிமன்றம் நியமித்தது. 22 நாய்கள் யூற்றா மாநிலத்தில் கனாப் என்னும் இடத்திலுள்ள சரணாலயத்துக்கு அனுப்பப்பட்டன. ஏனையவை வேறு அமைப்புகளிடமும் வீடுகளிடமும் சென்றன. இந்த நாய்களில் பல சீறவே இல்லை. நிலத்தோடு வயிற்றை ஒட்டிக்கொண்டு நடுங்கிக் கிடந்தன. மாதக்கணக்கான பொறுமையின் பின் அவற்றிற் சில நோயாளரைச் சந்திக்கச் செல்லும் துணை நாய்களாகவும் பழகின.

குலத்தைக் கொண்டு குணத்தைத் தீர்மானிக்கும் பழக்கம் நாய் விடயத்திலும் உதவாது. 2022இல் வெளியான பெரிய மரபணு ஆய்வொன்று 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய தகவல்களைத் திரட்டியது. தனித்தனி நாய்களின் நடத்தையில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய 9 சதவீதத்தை மட்டுமே இனத்தைக் கொண்டு விளக்க முடிந்தது.

அப்படியானால் என்ன செய்வது?

கவனிப்பதைக் கைவிடுங்கள் என்று எவரும் சொல்லவில்லை. ஒரு தடவை பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் என்பதே பாடம். இன்று பல காப்பகங்கள் பின்பற்றும் வழிகள் இவை.

முன்பு வளர்த்தவரிடம் விசாரிப்பது: நாய் யாரையாவது கடித்ததா, எந்தச் சூழ்நிலையில், காயம் எவ்வளவு ஆழம் என்பன முக்கியம். தூண்டுதல் எதுவுமின்றி ஆழமாகக் கடித்த வரலாறு உள்ள நாயைக் குடும்பத்துக்குக் கொடுப்பது எவ்வகையிலும் தகாது. இதில் இரக்கம் பார்த்தால் ஒரு பிள்ளை விலை கொடுக்க நேரும்.

அன்றாடம் குறித்து வைப்பது: நடக்கக் கொண்டு போகும்போது, தீனி போடும்போது, பிற நாய்களோடு விளையாடும்போது, வைத்தியர் தொடும்போது என்று பல சந்தர்ப்பங்களில், பலர் கண்டவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பது.

சில நாட்கள் வீட்டில் விட்டுப் பார்ப்பது: அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா கண்டரும் குழுவினரும் ஐந்து காப்பகங்களில் 207 நாய்களை ஒன்றிரண்டு இரவுகள் வீடுகளில் தங்கவைத்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, வீட்டில் தங்கிய நேரத்தில் அவற்றின் கோர்ட்டிசோல் அளவு குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது. வீட்டில் நாய் நடந்துகொள்ளும் விதத்தை நேரே அறியவும் இது வழிசெய்கிறது.

நாய் பேசும் மொழி

காப்பகத்தவர் கற்றுக்கொள்ளும் சில அடையாளங்கள், படலையில் வந்து நிற்கும் எந்த நாயை விளங்கிக்கொள்ளவும் உதவும். பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள்.

வால் ஆட்டும் நாயெல்லாம் சிநேகமான நாய் அல்ல. இடுப்பும் சேர்ந்து வளைய, வால் தளர்வாக அகன்று ஆடினால் அது மகிழ்ச்சி. உடம்பு விறைத்து, வால் நிமிர்ந்து, நுனி மட்டும் துடித்தால் கிட்டப் போகாதீர்கள். வால் கால்களுக்கிடையே போனால் அது பயம். பயந்த நாய்க்குத் தப்ப வழியில்லாவிட்டால் கடிக்கும்.

தீனி இல்லாத வேளையில் உதட்டை நக்குவதும், நித்திரை இல்லாத வேளையில் கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பதும், "என்னை விடுங்கள்" என்ற வேண்டுகோள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாய் சட்டென்று அசையாமல் விறைத்து நின்றால் அது கடைசி எச்சரிக்கைக்குச் சமம். உறுமுவதும் எச்சரிக்கையே. உறுமியதற்காக அடிக்காதீர்கள். அடிவாங்கிய நாய் உறுமுவதை மறந்துவிடும், கடிப்பதை மறக்காது.

நம் வளவுக்கு வரும் நாய்

இலங்கையில் கட்டாக்காலி நாய்களைக் கொல்லும் நடைமுறை 2006ஆம் ஆண்டு முதல் கைவிடப்பட்டது. தடுப்பூசியும் கருத்தடைச் சத்திரசிகிச்சையுமே இப்போதைய வழிகள். நம்மில் பலருக்கு நாய் வருவது காப்பகத்திலிருந்து அல்ல. தெருவிலிருந்தோ, விட்டுப்போன அயலவர் வளவிலிருந்தோ தான் வருகிறது. கூறிய பாடங்கள் அங்கும் பொருந்தும்.

புதிதாக வந்த நாயை முதல் இரண்டு மூன்று வாரங்கள் அமைதியாக விடுங்கள். நேரத்துக்கு, ஒரே இடத்தில் தீனி வையுங்கள். சாப்பிடும்போதும் நித்திரை கொள்ளும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் பிள்ளைகளை நெருங்க விடாதீர்கள். சின்னப் பிள்ளையையும் நாயையும் பெரியவர் ஒருவர் இல்லாமல் தனியே விடவே கூடாது. எவ்வளவு பழகிய நாயானாலும் இதுவே விதி.

இன்னுமொன்று. எந்தக் குணப் பரிசோதனையாலும் விசர் நோயைக் கண்டறிய முடியாது. சாதுவான நாய் திடீரெனச் சீறுவதும், ஆட்களை அண்டாத நாய் திடீரெனக் கிட்ட வருவதும், குரல் கரகரப்பதும், தாடை தொங்கி வாய்நீர் வடிவதும் அந்நோயின் அடையாளங்களாகலாம். எனவே நாய்க்கு ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள். இது பற்றி உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரியுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிறாண்டினாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "நம்முடைய நாய்தானே" என்று காத்திருக்க வேண்டாம். விசர் நோய் தொடங்கிவிட்டால் மருந்தில்லை.

ஒரு நாயை நம்புவதற்கும் சந்தேகிப்பதற்கும் அவசரப்படாமல், அதற்கு நேரம் கொடுத்து, கண்ணைத் திறந்து வைத்துக் கவனிப்போம். நாயையும் காக்கும் வழி அதுவே; நம் பிள்ளைகளையும் காக்கும் வழி அதுவே.